பென்டிரைவைச் செருகினால் கணினி யார் சொல் கேட்க வேண்டும்?

மேல்நிலை வகுப்பில் மாணவர்கள் எழுதும் பைத்தான் நிரல்கள் பெரும்பாலும் ஆய்வகக் கணினியில் மட்டுமே இருக்கின்றன. எங்கள் ரிஷிவந்தியம் பகுதியில் வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளே அதிகம். வன்தட்டு பழுதானால் அவர்களின் ஓராண்டு உழைப்பு போய்விடும். பாடவேளை முடிந்ததும் ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து நகலெடுக்க நேரமும் இருப்பதில்லை. ஆசிரியரின் பென்டிரைவைச் செருகியதும் கணினியே நகலெடுத்துக்கொள்ளும்படி லினக்ஸில் அமைக்கலாம்.

எப்படி நடக்கிறது?

யூ.எஸ்.பி. கருவியைச் செருகியதும் லினக்ஸ் கருநிரல் (கெர்னல்) ஒரு நிகழ்வை அறிவிக்கிறது. அதைப் பெறுவது 'யூடெவ்'. 2003இல் தொடங்கி, 2012இல் 'சிஸ்டம்டி' திட்டத்துடன் இணைந்த மென்பொருள் இது. நிர்வாகி எழுதிவைத்த விதிகளோடு நிகழ்வை ஒப்பிட்டு, பொருந்தினால் உரிய செயலைத் தொடங்கிவைக்கும்.

விதி எழுதும் முறை

1. 'யூடெவ்அட்ம்' கட்டளையால் பென்டிரைவின் தொடர் எண்ணை அறியவும்.

2. 'செருகப்பட்டது', 'தொடர் எண் இதுதான்' என்ற இரு நிபந்தனைகளை விதிக்கோப்பில் எழுதவும். ஒப்பிட இரட்டைச் சமக்குறி. மதிப்பு அளிக்க ஒற்றைச் சமக்குறி. பைத்தான் படித்த மாணவர்களுக்கு இது பழகிய வேறுபாடு.

3. நகலெடுக்கும் வேலையை விதிக்குள்ளேயே வைக்கக் கூடாது. நீண்ட நேரம் ஓடும் செயலை யூடெவ் நிறுத்திவிடும். விதி ஒரு சிஸ்டம்டி சேவையைத் தொடங்கினால் போதும்.

4. அந்தச் சேவை பென்டிரைவை மவுன்ட் செய்து, மாணவர் கோப்புறையை 'ஆர்சிங்க்' மூலம் நகலெடுத்து, பிறகு அன்மவுன்ட் செய்யட்டும். கணினிப் பெயரில் தனிக் கோப்புறை அமைத்தால், ஒரு கணினியின் கோப்பு மற்றொன்றின் மேல் பதியாது.

எச்சரிக்கை

தானாக இயங்குவதில் ஆபத்தும் உண்டு. 2008இல் வெளிப்பட்ட கான்ஃபிக்கர் என்ற கணினிப் புழு, விண்டோஸின் 'ஆட்டோரன்' வசதியையும் பயன்படுத்திப் பரவியது. அங்கே என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை பென்டிரைவிலேயே இருந்தது. 2011இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட புதுப்பிப்பு, பென்டிரைவுகளுக்கு அந்த வசதியை முடக்கியது. யூடெவ் முறையில் கட்டளை கணினியில் இருக்கிறது. வந்த கருவி தன் அடையாளத்தை மட்டுமே சொல்கிறது.

அந்த அடையாளத்தையும் முழுமையாக நம்ப முடியாது. தொடர் எண்ணைப் போலியாக அமைக்க இயலும். ஆகவே நம் சேவை பென்டிரைவிலுள்ள எந்த நிரலையும் இயக்கக் கூடாது. கோப்புகளை எழுத மட்டுமே வேண்டும். மவுன்ட் செய்யும்போது 'நோஎக்ஸெக்' விருப்பத்தைச் சேர்ப்பது நல்லது. மாணவர்களின் படைப்புகள் இருப்பதால் பென்டிரைவை ஆசிரியர் பூட்டிவைக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களைக் கருநிரல், யூடெவ், சேவை என மூன்று குழுக்களாக நிறுத்துங்கள். ஒருவர் தொடர் எண் எழுதிய அட்டையுடன் வரட்டும். கருநிரல் குழு அறிவிக்கும். யூடெவ் குழு விதியைப் பார்க்கும். எண் பொருந்தினால் சேவைக் குழு வேலையைத் தொடங்கும். அடுத்து, அதே எண்ணுள்ள போலி அட்டையுடன் இன்னொருவரை அனுப்புங்கள். 'இவரை எப்படிக் கண்டுபிடிப்பது?' என்ற கேள்வியிலிருந்து கணினிப் பாதுகாப்புப் பாடத்தைத் தொடங்கலாம்.