நாம் எதிர்பார்ப்பதும் அவர்கள் எட்டுவதும்

ஜூன் மாதத்தின் முதல் வாரம். எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடம் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. முந்தைய ஆண்டு அந்த மாணவர்களுக்குக் கற்பித்தவர், ஆசிரியர் அறையில் பெயர்ப் பட்டியலை என் முன் வைத்து, 6 பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார். "இவங்ககிட்ட மட்டும் பெருசா எதிர்பார்க்காதீங்க டீச்சர். மத்தவங்க நல்லா படிப்பாங்க" என்றார். என் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்க்கும் முன்பே அவர்களைப் பற்றிய முடிவு என் கைக்கு வந்துவிட்டது.

ஆகஸ்டில் ஒரு நாள் சதவீதக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அந்த ஆறு பேரில் ஒரு மாணவியை எழுப்பி, 250 ரூபாய்க்கு 10 சதவீதம் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்டேன். பேசாமல் நின்றாள். பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன்; விடை வந்தது; பாடம் நகர்ந்தது. வகுப்பு முடிந்ததும் அவளை அழைத்து, "தெரியலைன்னாலும் முயற்சி பண்ணியிருக்கலாம்ல?" என்றேன். அவள் சொன்னாள்: "கொஞ்ச நேரம் சும்மா நின்னா நீங்களே வேற யாரையாவது கேட்டுடுவீங்க டீச்சர். அதான் யோசிக்கல."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வகுப்பின் வழக்கம் ஒன்றைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். அந்த வழக்கத்தை உருவாக்கியது நான்தான்.

ஓக் பள்ளியில் நடந்த சோதனை

ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரின் கற்றலை மாற்றுமா என்ற கேள்வியை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்கள், ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ராபர்ட் ரோசென்தாலும், கலிபோர்னியாவில் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்த லெனோர் ஜேக்கப்சனும். 1964இல் ஒரு பள்ளியின் மாணவர்களுக்கு அவர்கள் நுண்ணறிவுத் தேர்வு ஒன்றை நடத்தினர். அந்தப் பள்ளிக்கு ஆய்வில் 'ஓக் பள்ளி' என்று புனைபெயர் இட்டனர். அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில், ஐந்தில் ஒரு பங்கு மாணவர்களின் பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, "இவர்கள் இந்த ஆண்டு நன்றாக மலரக் கூடியவர்கள்" என்றனர். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை.

ஆண்டு முடிவில் அதே தேர்வை மீண்டும் வைத்தபோது, முதல் வகுப்பில் மற்ற குழந்தைகள் சராசரியாக 12 புள்ளி உயர்ந்திருக்க, பட்டியலில் இருந்தவர்கள் 27 புள்ளி உயர்ந்திருந்தனர். இரண்டாம் வகுப்பிலும் தெளிவான வேறுபாடு இருந்தது. மேல்வகுப்புகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. 1968இல் இது நூலாக வெளிவந்தது.

ஆய்வு சொல்லாதது

இந்தக் கதையை நம் பயிற்சிகளில் பலமுறை கேட்டிருப்போம். இதற்கு வந்த மறுப்புகளையும் அறிந்துகொள்வது நல்லது. பயன்படுத்திய தேர்வு சிறு குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அளவீட்டு வல்லுநர்கள் குறை கூறினர். பிறகு நடந்த சோதனைகள் சிலவற்றில் இந்த விளைவு வந்தது; சிலவற்றில் வரவில்லை.

1984இல் ஸ்டீபன் ராடன்புஷ் இத்தகைய 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார். ஆசிரியர்கள் மாணவர்களோடு இரண்டு வாரங்களுக்கு மேல் பழகியிருந்தால், வெளியிலிருந்து தரப்பட்ட தகவல் பெரிதாக வேலை செய்யவில்லை. பழக்கமே இல்லாத தொடக்க நாள்களில் தரப்பட்ட தகவலே வலுவாக வேலை செய்தது. இதைப் படித்தபோது அந்தப் பென்சில் புள்ளிகள்தாம் என் நினைவுக்கு வந்தன. நாம் ஒருவருக்கொருவர் பட்டியலைக் கைமாற்றிக்கொள்வது சரியாக அந்த நாள்களில்தான்.

லீ ஜசிம், கென்ட் ஹார்பர் ஆகியோர் 2005இல் 35 ஆண்டு ஆய்வுகளைத் திரும்பிப் பார்த்தனர். எதிர்பார்ப்பின் விளைவு உண்மை, ஆனால் பொதுவாகச் சிறியது என்பது அவர்கள் முடிவு. ஆசிரியரின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால், சமூகத்தில் ஏற்கெனவே தாழ்த்திப் பார்க்கப்படும் குழந்தைகளிடம் இந்த விளைவு கூடுதலாக இருக்கலாம் என்று எச்சரித்தார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்களாகிய நாம் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

எண்ணம் எப்படிக் குழந்தையைச் சென்றடைகிறது?

நம் மனத்தில் இருப்பது நாம் செய்யும் சிறு செயல்கள் வழியாகத்தான் குழந்தைக்குத் தெரிகிறது. ஜெரே பிராஃபி, தாமஸ் குட் இருவரும் 1970இல் முதல் வகுப்பறைகள் நான்கில் அமர்ந்து இதைக் குறித்தனர். நன்றாகப் படிப்பார் என்று ஆசிரியர் நம்பிய குழந்தை தவறாகச் சொன்னால், கேள்வி மாற்றிக் கேட்கப்பட்டது அல்லது குறிப்பு தரப்பட்டது. நம்பிக்கை இல்லாத குழந்தை தவறாகச் சொன்னால், பெரும்பாலும் ஆசிரியரே விடையைச் சொன்னார் அல்லது வேறொருவரைக் கேட்டார்.

மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளில் காத்திருக்கும் நேரத்தை அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தனர். அதை 3 விநாடிக்கு மேல் கூட்டியபோது விடைகள் நீண்டன, பதிலற்ற மௌனம் குறைந்தது, மெதுவாகக் கற்பவர்கள் என்று கருதப்பட்டவர்களும் பேசத் தொடங்கினர்.

பெயரைச் சொன்னதும் மாறிய விடைத்தாள்

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் செய்த ஆய்வு 2004இல் உலக வங்கி வழியாக வெளிவந்தது. 6, 7ஆம் வகுப்பு மாணவர்கள் 642 பேர் பங்கேற்றனர். பாதிப் பேர் உயர்சாதி எனப்படும் பிரிவினர். பாதிப் பேர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வழி கண்டுபிடிக்கும் புதிர்களை அவர்கள் தீர்க்க வேண்டும். சாதியை வெளியே சொல்லாதபோது இரு பிரிவினரும் ஒரே அளவில் தீர்த்தனர். எல்லோர் முன்னிலையிலும் சாதியை அறிவித்த பிறகு, ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்கள் பின்தங்கினர். திறமை அதேதான். தம்மைப் பற்றி அந்த அறை என்ன நினைக்கும் என்ற எண்ணம்தான் புதிதாக வந்தது.

உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் பிரிவுவாரியாகச் சத்தமாக வாசித்து எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் நம்மிடம் முழுவதும் போய்விட்டதா? வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரக்கம் என்னும் பொறி

குறைவாக எதிர்பார்ப்பது எப்போதும் கடுமையான முகத்தோடு வருவதில்லை. பல நேரங்களில் அது இரக்கமாக வருகிறது. பத்தாம் வகுப்பில், "வடிவியலும் வரைபடமும் போடு, 16 மார்க். கூட சில ரெண்டு மார்க். பாஸ் ஆயிடுவ" என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! மினிமம் மெட்டீரியலைக் கையில் கொடுத்து, மற்ற பாடங்களின் பக்கமே அவர்களை விட்டதில்லை. தேர்ச்சி முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் ஜூலையிலேயே அந்தத் தாளைக் கொடுத்தால், அந்தக் குழந்தைக்கு மீதிப் பாடப்புத்தகம் மூடப்பட்டுவிடுகிறது. மார்ச்சில் மதிப்பெண் குறைந்ததும், "நான் அப்பவே சொன்னேனே" என்கிறோம்.

நான் செய்து பார்த்தவை

1. சக ஆசிரியர் ஒருவரைப் பின்வரிசையில் அமர்ந்து, யாரை எத்தனை முறை கேட்கிறேன் என்று இருக்கை வரைபடத்தில் கோடு போடச் சொன்னேன். 32 பேரில் 13 பேருக்கு ஒரு கோடுகூட இல்லை. புள்ளி வைத்த ஆறு பேரும் அந்த 13இல் இருந்தார்கள்.

2. கேள்வி கேட்டதும் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். முதலில் அந்த அமைதி எனக்கே சங்கடமாக இருந்தது.

3. விடை வராவிட்டால் அடுத்தவருக்குப் போகும் முன் கேள்வியைச் சிறிதாக்குகிறேன். "100 ரூபாய்க்கு 10 சதவீதம் எவ்வளவு? 50 ரூபாய்க்கு?" வேறொருவர் சொன்னாலும், கடைசியில் முதலில் நின்றவரிடமே திரும்பி வருகிறேன்.

4. எளிய விடைக்கு அளவுக்கு மீறிப் பாராட்டுவதை விட்டேன். செய்த வழியைச் சொல்லிப் பாராட்டுகிறேன்.

5. ஆண்டு முடிவில் வகுப்பை ஒப்படைக்கும்போது பெயருக்குப் பக்கத்தில் புள்ளி வைப்பதில்லை. "பின்னக் கூட்டலில் தடுமாறுகிறாள், வாய்ப்பாடு 7 வரை தெரியும்" என்று எழுதுகிறேன். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். குழந்தை இன்று எங்கே நிற்கிறது என்பதைத்தான் அவை சொல்கின்றன. அந்த நிலையே குழந்தையின் பெயராகிவிடக் கூடாது.

இவற்றால் ஆறு பேரும் முதலிடத்துக்கு வந்துவிடவில்லை. இரண்டு பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அதில் ஒருவன் ஆண்டு முடிவிலும் தடுமாறினான். எதிர்பார்ப்பு மட்டும் எதையும் கற்றுத் தராது. கற்பிக்கும் உழைப்பை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. அந்த மாணவி டிசம்பரில் ஒரு நாள் கரும்பலகையில் பாதிக் கணக்கில் நின்றுவிட்டாள். உதவிக்கு எழுந்த தோழியிடம், "இரு, நான் யோசிச்சிட்டு இருக்கேன்" என்றாள். எனக்கு அந்த ஆண்டில் கிடைத்த நல்ல மதிப்பெண் அதுதான்.

நமக்கு நாமே கேட்டுக்கொள்ள

• இந்த வாரம் நான் ஒருமுறைகூடக் கேள்வி கேட்காத மாணவர்கள் யார் யார்?

• என் வகுப்பில் ஒரு குழந்தையைப் பற்றி நான் நினைப்பதில், நானே பார்த்து அறிந்தது எவ்வளவு, பிறர் சொல்லிக் கேட்டது எவ்வளவு?

• சாதி, பெற்றோரின் தொழில், அண்ணன் அக்காவின் மதிப்பெண் ஆகியவை என் கணிப்புக்குள் நுழைந்திருக்கின்றனவா?

• அடுத்த ஜூனில் என் வகுப்பை ஏற்கும் ஆசிரியரிடம் நான் என்ன எழுதிக் கொடுக்கப் போகிறேன்?