பார வண்டிக்கு டயர் வாங்கும்போது பார்க்க வேண்டிய எழுத்துகள்



பருப்பு மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் யாரும் கொள்முதல் செய்வதில்லை. வத்தலைக் கையில் எடுத்து உடைத்துப் பார்க்கிறோம். ஆனால் அந்தச் சரக்கைச் சுமந்து போகிற வண்டிக்கு டயர் வாங்கும்போது மட்டும் விலையைக் கேட்கிறோம், பட்டன் ஆழமாக இருக்கிறதா என்று கட்டை விரலால் தடவிப் பார்க்கிறோம், அத்தோடு சரி. நானும் அப்படித்தான் இருந்தேன்.

2018 மே மாதம் எங்கள் குட்டியானைக்குப் பின்டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன. ஒரு டயர் கடையில் விசாரித்தபோது, அதே அளவில் குறைந்த விலையில் இருக்கிறது என்றார்கள். ஒரு டயருக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் மிச்சம். பழைய டயரில் 145, 12 என்று இருந்தது. புதியதிலும் 145, 12 என்றே இருந்தது. டிஸ்க்கில் கச்சிதமாக உட்கார்ந்தது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நாலு நாள் கழித்து டிரைவர் சொன்னார்: "அண்ணாச்சி, லோடு ஏத்தினா பின்னால வண்டி ஆடுது." புது டயர் பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

மூன்றாவது வாரம், 10 மூட்டை துவரம் பருப்பும் 15 டின் எண்ணெயும் ஏற்றி விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில், பகல் இரண்டு மணி வெயிலில், இடது பின்டயர் வெடித்து வண்டி சாய்ந்தது. டிரைவருக்குக் காறை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் அவர் வண்டி தொடவில்லை. எண்ணெய் ரோட்டில் ஓடியதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. காப்பீட்டு ஆய்வாளர் வந்து முதலில் குனிந்து பார்த்தது டயரில் உள்ள எழுத்தைத்தான். அப்போதுதான் நானும் பார்த்தேன்.

பழைய டயரில் இருந்தது 145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர்., அதன் பக்கத்தில் 86/84. நான் மாட்டியது 145/80 ஆர் 12, பக்கத்தில் 74. இரண்டாவது சின்னக் கார்களுக்கு உரியது. 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 12 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். ஆர் என்றால் ரேடியல். எல்.டி. என்பது சிறு பார வண்டிக்கானது என்பதற்கு அடையாளம். 8 பி.ஆர். என்பது எட்டு பிளை டயருக்குச் சமமான பலம்; உள்ளே எட்டு அடுக்கு இருக்கிறது என்று பொருள் அல்ல. எல்லாவற்றையும்விட முக்கியம் கடைசியில் உள்ள எண். அது தாங்கும் எடைக்கான குறி எண்; கிலோ கணக்கு அல்ல. 74 என்றால் 375 கிலோ. 86 என்றால் 530 கிலோ. 100 என்றால் 800 கிலோ. 86/84 என்று இரண்டு எண் இருந்தால், முதல் எண் ஒரு பக்கத்துக்கு ஒரு டயர் ஓடும் வண்டிக்கு. இரண்டாவது, ஒரே பக்கம் ஜோடியாக இரண்டு டயர் ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் உரியது.

பிறகு வேறு வண்டியில் அதே சரக்கை ஏற்றி, எடைமேடையில் பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தி எடை போட்டோம். 960 கிலோ. டயர் ஒன்றுக்கு 480. 530 தாங்கும் டயர் அதைச் சுமக்கும். 375 தாங்கும் டயர் எத்தனை நாள் சுமக்கும்? மூன்று வாரம் ஓடியதே பெரிது. எடைமேடைக் கட்டணம் பெரிய செலவு இல்லை. நம் வழக்கமான லோடோடு ஒரு தடவை இப்படிப் பின்சக்கரத்தை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு டயர் கடைக்குப் போகலாம்.

இப்போது இளைஞர்கள் சமாச்சாரம். கடையைக் கவனிக்கத் தொடங்கிய பிள்ளைகள் பிக்கப் வண்டிக்கு அகல டயரும் அலாய் வீலும் கேட்கிறார்கள். தோற்றம் எடுப்பாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். 215/75 ஆர் 15 டயரில் 75 என்பது, டயரின் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 75 சதவீதம் என்பது. ஆகவே முழு உயரம் சுமார் 703 மி.மீ. அதை எடுத்துவிட்டு 235/75 போட்டால் 733 மி.மீ. நாலு சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் முன்பு 60 காட்டிய வேகத்தில் போவதாக நினைப்போம். வண்டி 62½ போகும். ஓடிய கிலோமீட்டர் குறைவாகப் பதிவாகும், ஆயில் மாற்றுவது தள்ளிப்போகும். மேட்டில் லோடோடு இழுவை குறையும், பிரேக்கும் அதிகம் வேலை செய்ய வேண்டும். திருப்பத்தில் மட்கார்டில் உரசினால் பக்கச்சுவர் அறுபடும். கார் அலாய் வீலைப் பார வண்டியில் மாட்டுவது இன்னும் மோசம். குழியில் இறங்கினால் அது விரிசல் விடும். இரும்பு டிஸ்க் கோணினால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்.

தோற்றத்தில் கவனிக்க வேண்டியது பட்டன் அமைப்பு. நீளவாக்கில் நேர்க்கோடுகள் உள்ள ரிப் டயர் தார் ரோட்டுக்கு ஏற்றது. சத்தம் குறைவு, சுலபமாக உருளும், ஸ்டீயரிங்குக்கு அடங்கும். குறுக்கே கட்டை கட்டையாக உள்ள லக் டயர் சேற்றிலும் கல் பாதையிலும் பிடிக்கும்; தார் ரோட்டில் அதை ஓட்டினால் இரைச்சலும் டீசல் செலவும்தான். பஜாரிலிருந்து ஊர்க் கடைகளுக்கு மளிகை போடுகிற நமக்கு ரிப் போதும். தோட்டத்துக்குள் போய்க் காய்கறியோ தேங்காயோ ஏற்றுகிறவர்கள் பின்னால் மட்டும் லக் போடுவது உண்டு. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலானும் கூடவே கூடாது.

தேதியையும் பாருங்கள். பக்கச்சுவரில் சிறு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3119 என்றால் 2019ஆம் ஆண்டின் 31ஆவது வாரம் தயாரானது. பிஸ்கட் பெட்டியில் தேதி பார்த்து வாங்குகிற நாம் இதைக் கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். தேய்மானத்துக்கு, கோட்டுப் பள்ளத்துக்குள் சிறு மேடு வைத்திருப்பார்கள். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் 1.6 மி.மீ.தான் மிச்சம். சட்டப்படியும் அதுவே எல்லை.

காற்று எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். லோடு உள்ளபோது ஒன்று, வெறும் வண்டிக்கு ஒன்று. காலையில் வண்டி எடுக்குமுன் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, நடுவில் தேய்ந்திருந்தால் அதிகம், ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட்.

இப்போது எங்கள் கடையில் ஒவ்வொரு டயருக்கும் எழுத்து முழுவதையும், தேதி எண்ணையும், மாட்டிய அன்றைய கிலோமீட்டரையும் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறோம். ஸ்டெப்னிக்கும் ஒரு வரி உண்டு. எழுதுவது அந்த டிரைவர்தான்.