குழந்தையின் மூச்சும் தாதியின் ஆயத்தமும்

“நாலு வயசு. எத்தன கிலோ இருக்கும்?”

மருத்துவமனைச் செயல்முறைப் பயிற்சியின்போது மூத்த தாதி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. எதிரே கட்டிலில் வலிப்பு கண்ட குழந்தை. சூத்திரம் எனக்குத் தெரியும். அதே கேள்விக்குத் தேர்வில் முழுப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால், அந்நேரம் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. “பதினாறு” என்று அவரே சொல்லிக்கொண்டு மருந்தைக் கணக்கிட்டு எடுத்தார். குழந்தை பிழைத்தது. நான்தான் அன்றிரவு தூங்கவில்லை.

நம் மாணவர்களில் பலர் இன்று தாதிமைத் துறையைத் தேர்ந்தெடுப்பது மகிழ்ச்சிக்குரியது. அவர்களுள் குழந்தைகளுக்கான அவசர உயிர்காப்புப் பயிற்சிக்குச் செல்ல எண்ணுவோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயமே திடீரென்று தடுமாறி நின்றுவிடுகிறது. குழந்தைகளுக்கு அப்படியன்று. நிமோனியா, ஆஸ்துமா, தொண்டையில் அடைத்த கச்சான், வயிற்றுப்போக்கு, டெங்கி எனத் தொடங்கி, மூச்சோ இரத்த ஓட்டமோ தளர்ந்து, இறுதியில்தான் இதயம் நிற்கிறது. ஆகவே, இதயம் நிற்பதற்கு முன்னரே நமக்குச் சற்று அவகாசம் இருக்கிறது. தொலைவிலிருந்தே குழந்தையின் தோற்றம், மூச்சுவிடப் படும் பாடு, தோலின் நிறம் ஆகிய மூன்றையும் அரை நிமிடத்தில் பார்த்துவிடப் பழக வேண்டும். அழுகிற குழந்தையைவிட அழாமல் துவண்டு கிடக்கும் குழந்தையே எனக்கு அதிக அச்சம் தருகிறது.

எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது? சான்றிதழின் பெயரைப் பார்த்து ஓடுவது நம்மிடையே உள்ள பழக்கம். எங்கே வேலை செய்யப் போகிறோம் என்பதைப் பார்ப்பதே முறை. நான் பிறந்த சுங்கை பாக்காப்பை எடுத்துக்கொள்வோம். இங்கே அரசாங்க மருத்துவமனை ஒன்று உண்டு, சிறியது. குழந்தையின் நிலை மோசமானால் 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செபராங் ஜெயா மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் செல்ல வேண்டும். சிம்பாங் அம்பாட்டிலிருந்தும் ஜாவியிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் குழந்தையை அணைத்துக்கொண்டு ஓடிவரும் தாய் முதலில் காண்பது அவசரப் பிரிவுத் தாதியைத்தான். இத்தகைய இடத்தில் பணியாற்றுபவருக்கு அடிப்படை உயிர்காப்பு (பி.எல்.எஸ்.) கட்டாயம்; அதன்பின் பி.ஏ.எல்.எஸ். அல்லது ஏ.பி.எல்.எஸ். போகலாம். முன்னது அமெரிக்க இதயக் கழகத்தினுடையது. அதன் அட்டை ஈராண்டு செல்லும். பின்னது பிரிட்டனில் தோன்றியது. காயம்பட்ட குழந்தைகளைப் பற்றியும் விரிவாகக் கற்பிக்கிறது. பிரசவ அறையில் பணி என்றால் இவ்விரண்டையும்விட என்.ஆர்.பி. எனப்படும் பச்சிளம் குழந்தை உயிர்ப்பிப்புப் பயிற்சியே முதலில் தேவை. அது நம் நாட்டில் 1996-இல் தொடங்கப்பட்டது.

கட்டணம் நமக்குச் சுமைதான். பணியில் சேர்ந்தபின் மருத்துவமனையே அனுப்புமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இனி ஆயத்தம். பி.ஏ.எல்.எஸ். வகுப்புக்கு முன்பே ஒரு சுயமதிப்பீட்டுத் தேர்வு உண்டு. 70 விழுக்காடு எடுக்க வேண்டும். இதயத்துடிப்பு வரைபடம், மருந்துகள், நோயாளிச் சூழல்கள் ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். முதல் நாள் இரவில் புரட்டிப் படித்துச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். ‘மலேசிய மருத்துவமனைகளுக்கான குழந்தை மருத்துவ நெறிமுறைகள்’ என்ற ஆங்கில நூல் இலவசமாகவே கிடைக்கிறது. 2005-இல் முதற்பதிப்பு கண்ட அந்நூலை நான் கைப்பேசியில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பதினாறுக்கு வருவோம். வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ எடை கிடைக்கும். நான்கு வயதென்றால் 16 கிலோ. இதயம் நின்றிருந்தால் அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பத்தாயிரத்தில் ஒரு பங்குக் கரைசலில் 1.6 மில்லிலிட்டர். முதல் மின்னதிர்ச்சி கிலோவுக்கு 2 ஜூல், அதாவது 32, அடுத்தது 64. இக்கால மலேசியக் குழந்தைகள் சூத்திரத்தைவிடக் கனமாக இருக்கலாம். நேரமிருந்தால் நிறுத்துப் பார்ப்பதே சரி. நான் பேருந்தில் செல்லும்போது எதிர் இருக்கைக் குழந்தையின் வயதை ஊகித்து இந்தக் கணக்கை மனத்துக்குள் போடுகிறேன். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ!

கைப்பழக்கம் வேறு. நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும்; நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒருவர் மட்டும் இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. தாதியர் இருவர் இருந்தால் 15-க்கு 2. கைக்குழந்தைக்கு இரு விரலால் அழுத்தும் முறையை நம் அக்காமார் படித்திருப்பார்கள். அமெரிக்க இதயக் கழகம் 2025-இல் அதைக் கைவிட்டது. இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்துக் கட்டைவிரல்களால் அழுத்துவதோ ஒரு கையின் அடிப்பகுதியால் அழுத்துவதோதான் இப்போதைய பரிந்துரை.

பாடம் மாறுவதற்கு இன்னொரு சான்று நம் சென்னையிலேயே இருக்கிறது. கிருமித்தொற்றால் அதிர்ச்சி நிலைக்குப் போன குழந்தைக்கு நரம்பு வழியே நீரை விரைந்து ஏற்றுவதே சிறந்தது என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் மருத்துவர் இந்துமதி சந்தானமும் குழுவினரும் இருவகையாக ஏற்றி ஒப்பிட்டனர். மிக விரைவாகவும் அதிகமாகவும் ஏற்றியதால் கூடுதல் உயிர்கள் பிழைத்ததாகத் தெரியவில்லை என்று 2008-இல் எழுதினர். 2011-இல் வெளிவந்த ஆப்பிரிக்க ஆய்வு, கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளின் 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் விரைந்து நீர் ஏற்றியதால் இறப்பே கூடியதைக் காட்டியது. இன்று சிறிது ஏற்றிவிட்டு, குழந்தையை மீண்டும் பார்த்த பிறகே அடுத்ததை ஏற்றுகிறோம். அப்படி மீண்டும் மீண்டும் பார்ப்பது பெரும்பாலும் தாதியின் வேலை.

பயிற்சி முடிந்து சில மாதங்களிலேயே கைத்திறன் மங்கிவிடும். அட்டை இருக்கிறதே என்று இருந்துவிடாமல் பொம்மையோடு அடிக்கடி பழக வேண்டும்.

கடைசியாக, எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தராத ஒன்று. கையேடு ஆங்கிலம், வேலையிடத்தில் மலாய், பதறி நிற்கும் தாயோ தமிழ். தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்கு இது எளிது என்றுதான் நினைத்திருந்தேன். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ‘ஒவ்வாமை உண்டா’, ‘இறுதியாக எப்போது உணவு உட்கொண்டது’, ‘சிறுநீர் கழித்ததா’ என்று எழுதியிருந்தேன். அம்மா சிரித்துவிட்டார். “புள்ளைக்கு எந்த மருந்தாச்சும் ஒத்துக்காதா, கடைசியா எப்ப பால் குடிச்சிச்சி, எப்ப ஒன்னுக்குப் போச்சின்னு கேளு. நீ எழுதியிருக்கிறது செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றார். தாளை அப்படியே திருத்தி எழுதிச் சீருடைப் பையில் வைத்திருக்கிறேன்.