ஐம்பது வயதில் வண்டி பழக, எந்த வண்டி?

நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்கு மேல் வண்டி பழக வருகிறவர்களில் பாதிப் பேர், எந்த வண்டி என்பதைத் தாங்களே முடிவு செய்து வருவதில்லை. மகன் முடிவு செய்திருப்பான், மருமகன் முடிவு செய்திருப்பார், அல்லது எதிர்வீட்டு வாசலில் நிற்கிற வண்டி முடிவு செய்திருக்கும். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது "உனக்கென்ன தெரியும்" என்று சொல்லி இன்ஜினியரிங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள்தான் இவர்கள். இப்போது பிள்ளையின் முறை. பணி ஓய்வு பெற்ற வாரத்திலேயே ஷோரூமுக்குக் கூட்டிப்போய், பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வண்டி போர்ட்டிகோவில் கவர் போட்டு நிற்கிறது. அப்பா ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறார்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலைப் பக்கம், மனை பிரித்துத் தார் ரோடும் போட்டுவிட்டு வீடு வராமல் கிடக்கிற இடங்கள் உண்டு. வண்டி பழகுகிறவர்களுக்கு அவைதான் மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அங்கே போய், தெரிந்தவர்களுக்கும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் பழக்கிவிடுகிறேன். காசு வாங்குவதில்லை, அதனால் கொஞ்சம் கறாராகப் பேச முடிகிறது. பொருந்தாத வண்டியோடு வந்து முழிக்கிறவர்களைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆக்டிவாவோ ஜூபிடரோ நூற்றுச் சொச்சம் கிலோ. சேலையோடும் வேட்டியோடும் ஏறலாம். கால் தரையில் பதியும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். ஒரே ஒரு எச்சரிக்கை. பயந்தவன் கை எதையாவது இறுகப் பிடிக்கும். ஸ்கூட்டரில் வலது கை இறுகப் பிடிப்பது ஆக்சிலரேட்டரை. வண்டி பாய்கிறது, பயம் கூடுகிறது, பிடி இன்னும் இறுகுகிறது. காம்பவுண்டுச் சுவரில் முட்டிய முக்கால்வாசிப் பேரின் கதை இதுதான். அதனால் முதல் பாடமே ஆக்சிலரேட்டரை விடுவது, திருகுவது அப்புறம்.

மின் ஸ்கூட்டரும் அப்படித்தான், சத்தம் மட்டும் கிடையாது. சத்தம் இல்லாததுதான் சிக்கலும். சாவி ஆன் ஆகியிருப்பதை மறந்து, தள்ளும்போது கை திருகிவிட்டால் வண்டி ஆளை இழுத்துக்கொண்டு போகும். ஈகோ மோடிலேயே வைத்துப் பழகுங்கள். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டிக்கு லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்பதால் ஆர்டிஓ ஆபீஸுக்குப் பயந்து சிலர் அதை வாங்குகிறார்கள். தெருவுக்குள் சரி. பேருந்து போகிற சாலையில் அந்த வேகத்தில் போனால், பின்னால் வருகிறவனுடைய பொறுமையை நம்பித்தான் நீங்கள் உயிரோடு வீடு திரும்ப வேண்டும்.

பக்கத்தில் இரண்டு சக்கரம் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கால் முடியாதவர்களுக்கு அது பெரிய வரம். மற்றவர்கள் அதில் பழகினால், வண்டியைச் சாய்த்துத் திருப்புவது கடைசி வரைக்கும் வராது.

எனக்குப் பிடித்தது எக்ஸ்எல். அதை மறைப்பானேன்? நாற்பத்தொன்றாம் வயதில் என் மைத்துனர் வண்டியில் நான் பழகியது அதில்தான். இப்போது வருகிற எக்ஸ்எல் 100-கூட தொண்ணூறு கிலோவைத் தொடாது. சாய்ந்தால் ஒரு காலால் தாங்கிவிடலாம், விழுந்தால் ஒற்றை ஆளாய்த் தூக்கிவிடலாம். முன்னால் அரிசி மூட்டை வைக்க இடம் இருக்கிறது. ஆனால் யாரும் கேட்பதில்லை. பால் கேனும் வாழைத்தாரும் ஏற்றுகிற வண்டியில் ரிட்டையர்டு தாசில்தார் எப்படிப் போவார்? செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கி, ஆர்சி புக்கைச் சரிபார்த்துப் பெயர் மாற்றி, ஆறு மாதம் ஓட்டிப் பழகிவிட்டு விற்றுவிடுங்கள் என்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.

கியர் வண்டியில்தான் பழக வேண்டும் என்று ஆசை இருந்தால் ஸ்பிளெண்டர் போன்ற நூறு சிசி வண்டி போதும். கிளட்சைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இடது கையால் பிடித்த நொடியில் இன்ஜின் இழுப்பு அறுந்துவிடும். ஸ்கூட்டரில் இல்லாத பாதுகாப்பு அது. ஹாஃப் கிளட்சில் நடை வேகத்தில் ஊர்ந்து போகப் பழகினால் மற்றதெல்லாம் தானாக வரும். கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுத்தால் ஸ்கூட்டரும் ஓட்டலாம் என்பது கூடுதல் லாபம்.

இனி புல்லட். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

1955-இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் தொடங்கி, திருவொற்றியூரில் தயாராகி நாடு முழுக்கப் போன வண்டி. நம் ஊர் வண்டி என்கிற பெருமை நியாயமானது. ஒரு காலத்தில் இன்ஸ்பெக்டரும் மிராசுதாரும் அதில் வந்தார்கள். அதைப் பார்த்து ஏங்கிய பையனுக்கு இன்று ஐம்பத்தெட்டு வயது, கையில் பணிக்கொடை. மகன் வேறு லடாக் போய்வந்த படத்தைக் காட்டுகிறான். இந்த வயதில் வாங்காமல் எப்போது வாங்குவது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஏற்கெனவே வண்டி ஓட்டத் தெரிந்தவராக இருந்தால் தாராளமாக வாங்கட்டும். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாதவருக்கு முதல் வண்டியாக அதை வாங்கித் தருவது அன்பாகத் தெரியலாம். எனக்கு அது கொடுமையாகத்தான் படுகிறது.

காரணம் எடை. புல்லட் வகையில் கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ. ஸ்பிளெண்டர் 112 கிலோ அளவில். நடுவில் இருக்கிற வித்தியாசம் வாட்டசாட்டமான ஓர் ஆள். ஓடும்போது அந்த எடை தெரியாது. நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் எந்த இருசக்கர வண்டியும் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும், புல்லட் அதில் இன்னும் சுகம். ஆனால் புதிதாகப் பழகுகிறவர் நேர் ரோட்டில் ஐம்பதில் விழுவதில்லை. கேட்டுக்கு முன்னால் இருக்கிற சரிவில் பின்னுக்கு எடுக்கும்போது விழுகிறார். மணல் கிடக்கிற தெருமுனையில் ஹேண்டிலைத் திருப்பிய நிலையில் முன் பிரேக்கைப் பிடித்து விழுகிறார். யூ டர்ன் எடுக்கும்போது கிளட்சைச் சட்டென்று விட, இன்ஜின் நின்று, வண்டி உள்பக்கம் சாய்ந்து விழுகிறார். எல்லாம் நடந்துபோகிற வேகத்தில். அந்த நேரத்தில் வண்டியைத் தாங்க வேண்டியது ஒற்றைக் கால். நூறு கிலோ வண்டியை அது தாங்கிவிடும். இருநூறு கிலோ வண்டி கொஞ்சம் சாய்ந்த பிறகு வஸ்தாதாலும் நிறுத்த முடியாது. இருபது வயதுக்காரன் வண்டியை விட்டுவிட்டுத் தாவிவிடுவான். ஐம்பது வயதுக்காரர் இரண்டு லட்சத்தை ஒட்டிய பணம் கீழே விழுகிறதே என்று பிடித்து நிறுத்தப் பார்ப்பார். இடுப்பு பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் முட்டி போகும், சைலன்சர் கெண்டைக்காலைச் சுடும்.

உடம்பில் பட்டது ஆறிவிடும். தெருவே பார்க்க விழுந்து, டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடி வந்து வண்டியைத் தூக்கிக் கொடுத்த பிறகு, அந்த மனிதர் மறுபடி சாவியைத் தொட மாட்டார்.

சீட் உயரம் குறைவுதானே என்பார்கள். 805 மில்லிமீட்டர் பெரிய உயரமில்லைதான். சீட் அகலம் என்பதால் தொடை விரிந்து, எட்டுகிற காலும் நுனியில்தான் எட்டும். ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். அது வேகமாகப் போகும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். நின்ற இடத்தில் சாய்கிற வண்டியை அது என்ன செய்யும்? கனமான வண்டிதான் லாரிக் காற்றுக்கு ஆடாது என்பார்கள். உண்மைதான், ஆனால் முதல் ஒரு வருடம் நீங்கள் லாரி போகிற பைபாஸுக்கே போகக் கூடாது. அதே கம்பெனியின் ஹண்டர் கொஞ்சம் லேசு என்பார்கள். அதுவும் 180 கிலோவுக்கு மேல். இன்னும் சிலர் அப்பா வைத்திருந்த பழைய புல்லட்டைத் தூசி தட்டிக்கொண்டு வருகிறார்கள். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பழகிய பிறகு வேறு எந்த வண்டியில் ஏறினாலும் அவசரத்துக்குத் தப்பான கால்தான் அழுத்தும். (எனக்கு அந்தச் சத்தமும் பிடிக்காது, அது என் சொந்தப் பிரச்சினை, கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

ஷோரூமில் டெஸ்ட் ரைடு கேட்காதீர்கள். ஆளில்லாத நேர் ரோட்டில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். இன்ஜினை அணைத்த நிலையில், சென்டர் ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்கிப் பாருங்கள். இறங்கி நின்று பத்தடி முன்னால் தள்ளுங்கள், பத்தடி பின்னால் இழுங்கள், மறுபடி ஸ்டாண்டு போடுங்கள். மூச்சு வாங்கினால் அது உங்கள் வண்டி இல்லை. விற்பனைப் பையன் உதவிக்கு ஓடி வருவான். வேண்டாம் என்று சொல்லுங்கள். அவன் உங்கள் வீட்டுக் கேட்டுக்கு வரப்போவதில்லை.

வண்டியைப் பார்த்தாயிற்று, உடம்பையும் பாருங்கள். பல வருடச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். பிரேக்கில் கால் எவ்வளவு அழுந்துகிறது என்றே தெரியாது. அவர்களுக்குக் கையில் பிரேக் உள்ள ஸ்கூட்டர்தான் சரி. இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள் கீழே குனிந்து பார்த்தால் தரை மங்கும். தூரப் பார்வைக்கென்று தனிக் கண்ணாடி செய்துகொள்ளுங்கள். கண்புரை தொடங்கியவர்கள் இருட்டிய பிறகு எடுக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வலு குறைவதால், கை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியும். ஷூ போடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் மைதானத்துக்கும் வேண்டும்.

எந்த வண்டி வாங்கினாலும் அதற்கு முன் சைக்கிள் பழகுங்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்கப்படுத்த, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அன்று இருபது வயதில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இன்று ஐம்பதுக்கு மேல். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற அம்மாக்களுக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருப்பதில்லை; ஆக்சிலரேட்டர் எங்கே, பிரேக் எங்கே என்று காட்டிவிட்டு ஒதுங்கி நின்றால் போதும். 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியம் தொடங்கியபோது அரசு வைத்த வயது வரம்பு நாற்பது. நாற்பதைத் தாண்டியவளுக்கு வண்டி எதற்கு என்ற நினைப்பு நம் வீட்டில் மட்டும் இல்லை போலும்.

பின்னால் உட்கார்ந்து தோளுக்கு மேல் கை நீட்டி ஹேண்டிலைப் பிடித்துக்கொள்கிற பயிற்சியாளரிடம் போகாதீர்கள். லைசென்ஸ் வரும், பேலன்ஸ் வராது. எல்லாருக்கும் ஒரே வேகத்தில் வருவதும் இல்லை. தையல் மிஷின் மிதித்த அம்மா ஒரு வாரத்தில் ஓட்டிவிடுகிறார், முப்பது வருடம் பஸ் டிரைவராக இருந்தவர் மாதக்கணக்கில் தடுமாறுகிறார். பேரன் சிரிப்பான். சிரிக்கட்டும். அவன் ஒரு வயதில் நடை பழகியபோது நீங்கள் அவசரப்படுத்தவில்லை. இஷ்டமே இல்லை, மகன் சொன்னதற்காகத்தான் வந்தேன் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நகரப் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நாற்பது வயது தாண்டியவர்கள் எல்எல்ஆருக்கு டாக்டரிடம் படிவம் 1ஏ வாங்கித் தர வேண்டும். ஐம்பத்தைந்துக்கு மேல் எடுக்கிற லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். முப்பது நாளில் டெஸ்டுக்குப் போகலாம் என்பது அனுமதிதான், கட்டாயம் கிடையாது. காலை ஊன்றாமல் எட்டு போட வரவில்லை என்றால் மூன்றாம் மாதம் போங்கள், ஐந்தாம் மாதம் போங்கள். ஆறு மாதமும் போதவில்லையென்றால் இன்னொரு எல்எல்ஆர் போட்டுக்கொள்ளுங்கள்; அதன் கட்டணம் ஒரு புல்லட் கிராஷ் கார்டு விலைகூட வராது.