பெரட்டுக்களத்திலிருந்து கலிபோலிக்கு

கேள்வி: பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடினால் போஸ்டிங் கதைதான் பேசுவார்கள். நம் தோட்டப்புறத்துக்கும் அப்படி ஏதும் கதை உண்டா? – வாசகர், அட்டன்

பதில்: ஏன் இல்லாமல்? 1900இல் உருவான சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் தோட்டத்துத் துரைமாரின் படைதானே! முதல் உலகப் போர் மூண்டதும், 1914 அக்டோபரில் அதன் ஒரு பிரிவு கொழும்பில் கப்பலேறியது. முதலில் எகிப்தில் சூயஸ் கால்வாய்க் காவல், அடுத்த ஆண்டு துருக்கியின் கலிபோலி. அங்கே ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டுக்கு மெய்க்காவல். விடியற்காலைப் பெரட்டில் தொழிலாளரை நிறுத்தி ஆள் கணக்கு எடுத்தவர்கள், அங்கே தாங்களே வரிசையில் நின்றார்கள். பெரட்டு என்ற நம் சொல்லிலேயே 'பரேட்' ஒலிக்கிறது, கவனித்தீர்களா?

இரண்டாம் உலகப் போரில் கதை திசைமாறியது; இம்முறை படையினர் நம் மலைக்கு வந்தார்கள். கரையோரத்து வெக்கையில் வாடிய பிரித்தானிய விமானப்படையினர் விடுமுறைக்குத் தியத்தலாவை முகாமுக்கு ரயிலேறினார்கள். அட்டன், நானுஓயா தாண்டி, ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்துப் பட்டிப்பொலையில் மூச்சுவாங்கி நிற்குமே, அதே ரயில்.

துரைமாரின் கதைகள் ஆங்கிலத்தில் அச்சேறிவிட்டன. அந்த ரயிலைக் கொழுந்து மலையில் நின்று பார்த்த நம் பாட்டிமார் சொன்னதை யாரும் எழுதவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. உங்கள் லயத்தில் யாருக்காவது நினைவிருந்தால், எழுதி அனுப்புங்கள்.