கை வெடிப்பும் குடும்ப நலமும்



மார்கழி, தை மாதங்களில் இளையரசனேந்தல் கரிசல்காட்டில் வீசும் வாடைக் காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சோப்பும் சாம்பலும் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். அதனால்தான் பாத்திரம் தேய்த்து, சாணி அள்ளி, களையெடுக்கும் கைகள் வெடிக்கின்றன.

“கை எரியுதே” என்று சிலர் சோப்புப் போடுவதையே விட்டுவிடுகிறார்கள். இது ஆபத்து. மலம் கழித்த பின்பும், பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பின்பும், சோறூட்டும் முன்பும் சோப்புப் போட்டே கழுவ வேண்டும். இல்லையேல் குழந்தைக்குப் பேதி வரக்கூடும்.

செய்ய வேண்டியவை:

1. கை கழுவக் குளிக்கும் சோப்பே போதும். சலவை சோப்பும் சுடுதண்ணீரும் வேண்டாம்.
2. துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவுங்கள்.
3. இரவில் தாராளமாகத் தடவி, பழைய பருத்தித் துணி சுற்றிப் படுங்கள்.
4. வெடிப்பில் சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் வைக்காதீர்கள்.

சாணியிலும் மண்ணிலும் உள்ள ரணஜன்னிக் கிருமி வெடிப்பு வழியே உடலில் புகலாம். கர்ப்பிணிகள் ரணஜன்னித் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம்.

கணவன்மார்களே! வெடிப்பு ஆறும்வரை சாணி அள்ளுவதையும் பாத்திரம் தேய்ப்பதையும் நீங்கள் செய்தால் என்ன குறைந்துவிடும்?

சீழ், வீக்கம் கண்டாலோ, சர்க்கரை நோய் உள்ளவருக்கு வெடிப்பு வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

சோப்பை விடாதீர்கள், எண்ணெயை மறவாதீர்கள்!