டாச்சாத் தோட்டத்தில் ஒரு கோடை

ரஷ்ய நாட்டின் வடமேற்கில், பின்லாந்து வளைகுடாவின் கரையில் உள்ள நகரம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1924 முதல் 1991 வரை அதற்கு லெனின்கிராடு என்று பெயர். மே மாதத்து வெள்ளிக்கிழமை மாலை ஒன்றில் அங்கே புறநகர் ரயிலில் ஏறினால் வேடிக்கையான காட்சியைக் காணலாம். ஒருவர் கையில் மண்வெட்டி. இன்னொருவர் மடியில் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு சாண் உயரத் தக்காளி நாற்றுகள்! கூடையில் பூனையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. எல்லோரும் தத்தம் டாச்சாவுக்குப் போகிறார்கள்.

டாச்சா என்பது நகரவாசிகள் நாட்டுப்புறத்தில் வைத்திருக்கும் சிறு கோடைவீடு. பெரும்பாலும் மரத்தால் ஆனது. 'கொடுத்தல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. முன்பு ஜார் மன்னர்கள் தமக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்த நிலம்தான் டாச்சா. 1949ஆம் ஆண்டில் சோவியத் அரசு பிறப்பித்த ஆணைக்குப் பிறகு ஆலைத் தொழிலாளர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் தோட்ட நிலங்கள் கிடைத்தன. 600 சதுர மீட்டர் என்பது வழக்கமான அளவு ஆயிற்று. நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 15 சென்ட்.

இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் இந்நகரம் 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை முற்றுகையில் சிக்கிப் பட்டினியால் மடிந்தது. 1942 கோடையில் புகழ்பெற்ற ஈசாக் தேவாலயத்தின் முன்னுள்ள சதுக்கத்திலேயே முட்டைக்கோசு பயிரிட்டார்கள். பிறகு சோவியத் நாடு கலைந்து, சம்பளம் ஒழுங்காக வராத காலமும் வந்தது. 1990களின் பிற்பகுதியில் ரஷ்யாவில் விளைந்த உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 10இல் 9 பங்கு, கிராமத்துக் குடும்பத் தோட்டங்களிலும் இத்தகைய சிறு தோட்டங்களிலும் விளைந்ததே. குளிர்காலத்துக்கு வேண்டிய உணவைக் கோடைக்குள் சேர்த்தாக வேண்டும்.

ஆனால் கோடையோ மிகக் குறுகியது. ஜூன் தொடக்கத்தில்கூட ஓர் இரவு உறைபனி விழுந்து நாற்றுகளைக் கருக்கிவிடும். செப்டம்பரில் மறுபடியும் உறைபனி. இடையில் கிடைப்பது மூன்று, மூன்றரை மாதம். விதை முளைத்துப் பழம் பழுக்கத் தக்காளிக்கு இது போதாது. ஆகவேதான் பிப்ரவரி, மார்ச்சிலேயே நகரத்து வீட்டுச் சன்னலோரத்தில் விதைத்து, நாற்றை ரயிலில் கொண்டுபோகிறார்கள். அங்கே பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூண்டுக்குள் நடுகிறார்கள். சூடான காற்று வெளியே ஓடிவிடாமல் தாள் தடுக்கிறது.

இந்தக் குறைக்கு இயற்கை ஓர் ஈடும் தந்திருக்கிறது. இந்நகரம் 60 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஜூன் 21 வாக்கில் அங்கே பகலின் நீளம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 18 மணி 50 நிமிடம்! அதே நாளில் சென்னையில் சுமார் 12 மணி 50 நிமிடம்தான். நள்ளிரவிலும் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 7 பாகைக்கும் குறைவாகவே இறங்குவதால் இருட்டே கவிவதில்லை. இவையே தாஸ்தயேவ்ஸ்கி தம் கதைக்குத் தலைப்பாக வைத்த வெண்ணிற இரவுகள். இரவு பதினொரு மணிக்கும் களை பிடுங்கலாம். பிறகு முற்றத்தில் அமர்ந்து தேநீர் அருந்தலாம். கொசுக்கடியை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒளி மிகுந்தால் எல்லாப் பயிருக்கும் கொண்டாட்டம்தானே என்று நினைப்பீர்கள். முட்டைக்கோசுக்குச் சரி. முள்ளங்கியைப் பாருங்கள். ஜூனில் அதைப் போட்டால் வேர் பருப்பதற்குள் நடுவிலிருந்து தண்டு எழும்பிப் பூத்துவிடும். பிடுங்கினால் நூல் போன்ற வேர்தான் மிஞ்சும். இதற்கு டாச்சாக்காரர்கள் ஓர் உபாயம் செய்கிறார்கள். மாலை ஆறு, ஏழு மணிக்குப் பாத்தியைக் கறுப்புத் தாளால் மூடுகிறார்கள். காலையில் எட்டு மணிக்குமேல் திறக்கிறார்கள். அதாவது செயற்கையாக ஓர் இரவை உண்டாக்குகிறார்கள். முள்ளங்கி ஏமாந்து, பூக்காமல் வேரைப் பருக்கவிடுகிறது!

செடிக்கு மணி பார்க்கத் தெரியுமா? தெரியும் என்று 1920இல் எடுத்துக்காட்டியவர்கள் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிவியலார். கோடை முழுவதும் பூக்காமல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை வகையை அவர்கள் தினமும் மாலையில் இருட்டுக் கொட்டகைக்குள் வைத்தார்கள். அது கோடையிலேயே பூத்தது. பகலின் நீளத்தைச் செடி உணரும் இப்பண்புக்கு ஒளிக்காலத்துவம் என்று பெயர். பின்னர் 1938இல் இன்னொரு வியப்பு வெளிப்பட்டது. செடி உண்மையில் அளப்பது பகலை அன்று, இடையறாத இருட்டையே. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைக் காட்டினால் போதும், கணக்கு குலைந்துவிடும். இதற்கு உதவும் பைட்டோகுரோம் என்ற நிறமி 1959இல் பிரித்தறியப்பட்டது.

செடியின் எந்த உறுப்பு இருட்டை அளக்கிறது? 1930களில் சோவியத் விஞ்ஞானி சைலாக்யான் செவ்வந்திச் செடியின் இலைகளுக்கு மட்டும் குறுகிய பகலைத் தந்து, இலை நீக்கிய நுனியை நெடும் பகலில் விட்டார். நுனியில் பூ வந்தது. அளப்பது இலை, இலையிலிருந்து ஏதோ செய்தி நுனிக்குச் செல்கிறது என்று அவர் முடிவு செய்தார். அச்செய்தி ஒரு புரதம் என்பது உறுதிப்பட 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செவ்வந்தி குறும்பகல் செடி. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இன்னும் மொட்டு விடாத இரண்டு தொட்டிச் செடிகளை அக்டோபரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை இரவு முழுவதும் விளக்கெரியும் தாழ்வாரத்திலும், மற்றதை இருட்டான முற்றத்திலும் வையுங்கள். பகலில் இரண்டுக்கும் ஒரே அளவு வெயிலும் நீரும் கிடைக்கட்டும். மொட்டு விடும் நாளைக் குறித்து வாருங்கள்.

டாச்சாவின் அரசனான உருளைக்கிழங்கின் கதை இன்னும் சுவையானது. அதன் தாயகமான ஆண்டீஸ் மலைகள் நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளன. பகல் எப்போதும் 12 மணியை ஒட்டியே இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த இச்செடி, நீண்ட கோடைப் பகலில் இலை விட்டதே தவிரக் கிழங்கு விடவில்லை. இலையுதிர் காலத்தில் பகல் குறைந்த பிறகே கிழங்கு விடத் தொடங்கும். அதற்குள் உறைபனி வந்துவிடும். நெடும் பகலிலும் கிழங்கு விடும் செடிகளை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். தென் சிலியிலிருந்து வந்த வகைகளும் இதற்குத் துணை நின்றன. இந்த மாற்றத்துக்குக் காரணமான மரபணு 2013இல் கண்டறியப்பட்டது. மரபணு என்ற சொல்லே பிறக்கும் முன்னர் உழவர்கள் முடித்துவிட்ட வேலை இது!

ஆகஸ்டில் வெள்ளரிக்காய் குவிகிறது. நூறு பங்கு நீருக்கு ஐந்தாறு பங்கு உப்புக் கரைத்து, சோயிக்கீரைத் தண்டும் பூண்டும் சேர்த்துச் சாடியில் ஊறவைக்கிறார்கள். உப்பைத் தாங்கும் லாக்டிக் பாக்டீரியா அமிலத்தைச் சுரந்து, அழுகச் செய்யும் நுண்ணுயிர்களை விரட்டுகிறது. செப்டம்பரில் கிழங்கைத் தோண்டி, ஈரம் உலர்த்தி, வெளிச்சம் படாமல் நிலவறையில் இறக்குகிறார்கள். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகி, சொலானின் என்னும் நச்சு கூடிவிடும். முட்டையளவுக் கிழங்குகள் சிலவற்றைத் தனியே ஒரு பெட்டியில் எடுத்து வைக்கிறார்கள். அவை அடுத்த மே மாத விதை.